கடைசி அங்கத்தில் ஒரு நர்ஸ்

கேட்பவர் பேசினால் அதற்கும் காதுகொடுத்து, அதற்கேற்ப மாற்றிப் பாடும் புதுவகை இசைப்பதிவு அது. பழைய இத்தாலிய ஓபரா இசைநாடகத்தின் கடைசி அங்கத்தில் நாயகி காசநோயால் சாகும்போது அழுவதற்காகவே கஸ்பார் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தான். காசநோய் மருத்துவமனையில் நர்சாக இருக்கும் அவன் மனைவி ஜெசிந்தாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏ புள்ள, மாத்திரைய பாதியில நிறுத்திட்டியா? ஒழுங்கா முழுங்கு!” என்று ஸ்பீக்கரை அதட்டினாள்.

பாட்டு நின்றது. மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது. பிறகு நாயகியின் குரல் கூரையைப் பிய்த்துக்கொண்டு எழும்ப, வயலின்கள் தலைதெறிக்க அவள் பின்னால் ஓடின.

“கெடுத்திட்டியே! அவ சாவணும்டி!” என்று கத்திய கஸ்பாரின் கால் தானாகத் தாளம் போட்டது.

“எங்கிட்ட வந்தா யாரும் சாவ மாட்டாங்க,” என்றாள் ஜெசிந்தா. மறுபடி ஸ்பீக்கர் பக்கம் குனிந்தாள். “சரி, வீட்ல வேற யாருக்காவது இருமல் இருக்கா?”

காதலியின் பிணத்தருகே புலம்பிப் பாட மூச்சை இழுத்து வைத்திருந்த நாயகன், கூச்சத்தோடு லேசாக இருமினான்.