ஏஜென்ட் பார்த்துக்கொண்ட ஹனிமூன்

"ஐரோப்பா ஹனிமூனை நானே பிளான் பண்றேன்னு சொன்னேன்ல? கேட்டீங்களா?" புதுப்பெண் வாசுகி கத்தினாள்.

"ஹோட்டல், சாப்பாடு எல்லாம் ஏஜென்ட் பாத்துக்குவாரு லா. அம்மாதான் சொன்னாங்க," என்றான் ஹேமநாதன்.

"தாலி கட்டினது எனக்கா, அம்மா பேச்சுக்கா?"

"மெதுவா பேசு. பக்கத்து வீட்டு அக்கா காதுல விழும்."

விழாமல் இருக்குமா? காது இருக்கிறதே எனக்கு.

"தனியா நாலு வார்த்தை பேச முடியலங்க," என்று அழுதே விட்டாள்.

பாவம்தான். ஒரு பஸ் நிறைய ஆள் சேர்ந்தால்தான் டூர் என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார். மாமியார் பேச்சியம்மாள் எங்கள் ஊரான பாலோவில் தெருவையே சேர்த்துவிட்டார். பாரிஸ் போகும் அந்த பஸ்ஸில், அவர்களுக்கு நேர் பின்சீட்டு எனக்கு.

ஊர் திரும்பிய கையோடு இருவரும் வீடு மாறிப் போனார்கள். எங்கே என்று பேச்சியம்மாளுக்கே தெரியாது. எனக்கே தெரியாதென்றால் பாருங்கள்!