நெட்டை இழையின் கால்

மின்சாரத்தில் ஒளிரும் ஒரு பிளாஸ்டிக் திரைக்குள் மூலக்கூறு இழைகள் இரண்டு கூட்டமாக, வரிசை பிசகாமல் படுத்திருந்தன. நெட்டை இழைக்கு மட்டும் தலை இந்தக் கூட்டத்தில், கால் அந்தக் கூட்டத்தில்.

"பார்க்கிறவன் சிரிக்க மாட்டானா? காலை மடக்குடா!" என்று எரிந்து விழுந்தது, வரிசைக்குத் தலைமை தாங்கிய குட்டை இழை. நெட்டைக்கு அவமானமாகிவிட்டது. முட்டி முகவாயில் இடிக்கச் சுருண்டுகொண்டது.

கொஞ்ச நேரத்தில் மின்சாரம் ஓடிவந்து, கூட்டத்தின் ஓரத்தில் திகைத்து நின்றது. "தினமும் ஒரு கால்மேல ஏறித்தானே அந்தப் பக்கம் போவேன்? அதை எங்கே காணோம்?"

திரை இருண்டது. "கெட்டுப்போச்சு, தூக்கிப் போடு" என்று வெளியே யாரோ சொன்னார்கள்.

குட்டைக்கு வியர்த்துவிட்டது. "அண்ணே, காலைக் கொஞ்சம் நீட்டுங்களேன்!"

"மரத்துப்போச்சே," என்றது நெட்டை. "வரிசையை விட்டு வந்து நீவி விடுறீங்களா?"