பக்கத்து வீட்டுப் புகார்

"அந்த ஆளைப் பத்தி மட்டும் என்கிட்ட கேக்காதீங்க. வயிறு எரியுது!"

ஹெட்விக் அம்மா காபிக் கோப்பையை மேசைமேல் டக்கென்று வைத்தார். வந்திருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர்கள் ஊர்க் குடியுரிமைக் குழுவினர். பக்கத்து ஃப்ளாட்டில் இருக்கும் ரமிஸ் போஸ்னியாக்காரர், முஸ்லிம், பஸ் ஓட்டுநர். சுவிஸ் குடியுரிமை கேட்டு மனுப் போட்டிருந்தார். எங்கள் ஊரில் அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் யாருக்கும் குடியுரிமை தரமாட்டார்கள். கல்யாணத்துக்குக்கூட யாரும் இப்படித் துருவித் துருவி விசாரிப்பதில்லை! ஹெட்விக் அம்மா சொல்வதைப் பொறுத்துத்தான் இன்று கையெழுத்து.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் வந்தவர்களில் ஒருவரான ஏபிஷர். "பிரான்சுல நேத்தும் காரைக் கொளுத்தியிருக்கானுங்க. வந்து குடியேறி ரெண்டு தலைமுறையா இருந்தும் அந்த ஊரோட ஒட்டல. நாளைக்கு இங்கேயும் அதேதான்."

"கொளுத்துறது அங்கேயே பொறந்து வளர்ந்த பசங்க," என்றாள் கூட வந்த ரோஸ்மாரி. "வேலை கிடையாது, பேரைக் கேட்டாலே வாடகைக்கு வீடு கிடையாது. ஒட்டவிட்டாத்தானே ஒட்டுவான்? அதுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? கலவரம் வந்தா முதல்ல எரியறது இவரு ஓட்டுற பஸ்தான்."

"எனக்கு யார் மேலயும் வெறுப்பு இல்ல ரோஸ்மாரி. பயமா இருக்கு, அவ்வளவுதான். பயப்படக்கூடாதுன்னு சட்டமா?"

நியாயமான கேள்விதான்.

ஏபிஷர் ஹெட்விக் அம்மா பக்கம் திரும்பினார். "தைரியமா சொல்லுங்கம்மா. என்ன தொந்தரவு? தொழுகைச் சத்தமா? சொந்தக்காரங்க கூட்டமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமை நாலு காலி பாட்டிலைக் கொண்டுபோய்த் தெருவுல இருக்கிற கண்ணாடித் தொட்டியில போட்டேன். 'சத்தம் வரும், ஞாயித்துக்கிழமை கண்ணாடி போடக்கூடாதுன்னு தெரியாதா'ன்னு ஜன்னல்லேர்ந்து கத்துறாரு!"

ஏபிஷரின் பேனா நின்றது. "போடக்கூடாதுதானே?"

"கேளுங்க! பழைய பேப்பரைக் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டாம குப்பை வண்டிக்குக் கீழே வச்சேனாம். அப்படியே திருப்பித் தூக்கிட்டு வந்து என் வாசல்ல போட்டுட்டாரு. எல்லாருக்கும் பொதுவான துணி துவைக்கிற ரூம்ல என் முறை முடிஞ்சதும் மெஷினைத் துடைக்கலையாம், கையோட கூட்டிட்டுப் போய்க் காட்டுறாரு. நேத்து அந்தக் கார் எரியிற நியூஸைத்தான் டிவியில பார்த்துட்டிருந்தேன். ராத்திரி மணி பத்தானதும் சுவத்துல டொக்குடொக்குன்னு தட்டுறாரு, சத்தத்தைக் குறைக்கச் சொல்லி!"

"நானா இருந்தாலும் தட்டியிருப்பேன்," என்றார் ஏபிஷர். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "என் மாடியில இருக்கிறவன் இங்கேயே பொறந்தவன். ஒருநாளாவது பேப்பரை ஒழுங்காக் கட்டியிருப்பானா? அட, இந்த ஆளு நம்மளவிட நம்ம ஆளு!"

சொல்லிக்கொண்டே கையெழுத்தைப் போட்டு, ரோஸ்மாரியிடம் நீட்டினார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தானும் போட்டாள்.

அவர்கள் படியிறங்கியதும் ஹெட்விக் அம்மா சமையலறைக் கதவைத் திறந்தார். உள்ளே ரமிஸ் வெளிறிப்போய் நின்றிருந்தார்.

"என்னக்கா, இப்படிப் போட்டுக் கொடுத்துட்டீங்க?"

"கையெழுத்து விழுந்தாச்சுப்பா! போன தடவை விசாரிக்க வந்தவங்ககிட்ட 'தங்கமான மனுஷன், இருக்கிற இடமே தெரியாது'ன்னு சொல்லித்தான் காரியத்தைக் கெடுத்தேன். யாரோடயும் ஒட்டலைன்னு உன்னைத் தள்ளிட்டாங்க."

ரமிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் ஹெட்விக் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நான் எப்பக்கா உங்களைப் பார்த்துக் கத்தினேன்?"

"நீ எங்கே கத்தினே? அத்தனை தப்பும் பண்ணினது நீ, கத்தினது நான். ஆளை மட்டும்தான் மாத்திச் சொன்னேன்!"