யாரும் எடுக்காத ஐந்து தொகுதிகள்

“இது என்னம்மா, சூப்பர் ஹீரோவா, இல்லை சும்மா இருக்கிற ஹீரோவா?”

ஆய்வு அதிகாரி அந்தப் படக்கதைத் தொகுப்பை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார், செத்த எலியின் வாலைப் பிடிப்பது போல. ‘யாரும் அறியாத சூப்பர் ஹீரோக்கள்’, முதல் தொகுதி. மற்ற நான்கும் மேசையில் கிடந்தன. நூலக வாசலில் லாரி நின்றது. மூன்று வருடமாக ஒருவரும் வீட்டுக்கு எடுத்துப் போகாத புத்தகங்கள் ஐந்து மணிக்கு அதில் ஏறி, காகித ஆலையில் கூழாகிவிடும்.

“சார், இந்த அஞ்சை மட்டும் விட்டுடுங்க. இனிமே அச்சுல வராது,” என்றாள் நூலக அக்கா.

“அப்படி என்ன இருக்கு இதுல?”

“இவரைப் பாருங்க. நேரத்தையே நிறுத்திடுவார். ஆனா கூடவே அவரும் நின்னுடுவார்.”

“அவரை எனக்கு நல்லாத் தெரியும். எங்க தலைமை அலுவலகத்துல மூணாவது மாடியில இருக்கார். அடுத்து?”

“இந்தப் பொண்ணு பறப்பா. தரையிலேருந்து நாலு அங்குலம்.”

“அந்த உயரத்துக்கு என் வீட்டுக்காரி ஹீல்ஸ் செருப்பு மாட்டினாலே போதும்.”

“கிண்டல் பண்ணாதீங்க சார். ஈரத் தரையில தடமே படாம போய்த் திருடனைப் பிடிச்சது அவதான். பாராட்டு என்னமோ தரை துடைச்சவருக்குத்தான் கிடைச்சுது.”

சொல்லும்போதே அவள் கண் கலங்கியது. அதிகாரி பக்கங்களைப் புரட்டினார்.

“யாரும் எடுக்காத புத்தகம் ஏன் இப்படி நைஞ்சு கிடக்கு?”

“கரையான் சார்.”

“கரையான் பக்கத்தை மடிச்சு வச்சுட்டு, மறுநாள் விட்ட இடத்துலேருந்து தொடருமா?”

அக்கா நெளிந்தாள். “சாப்பாட்டு நேரத்துல நான் லேசாப் புரட்டுவேன். ஒரு பதினோரு தடவை படிச்சிருப்பேன், அவ்வளவுதான்.”

“நீங்க படிக்கிறது செல்லாதும்மா.” பின்னட்டைக்குள் ஒட்டியிருந்த தேதிச் சீட்டைத் திருப்பிக் காட்டினார். “ஒரு முத்திரையாவது விழுந்திருக்கா பாருங்க. என் பையனோட பரீட்சைத் தாள் மாதிரி வெள்ளை வெளேர்னு இருக்கு.”

“ஜனங்களுக்கு ரசனை இல்லை சார்! கட்டடத்தை இடிச்சுக்கிட்டு வானத்துல பறக்கிறவன்னா வரிசையில நிப்பாங்க. தன் பாட்டுக்கு நல்லது செஞ்சுட்டுப் போறவங்களை எவன் தேடுவான்? அதுக்கு அந்த ஹீரோக்கள்தான் என்ன பண்ணுவாங்க, நான்தான் என்ன பண்ணுவேன்?”

அதிகாரிக்கே பாவமாகிவிட்டது.

“சரி, கண்ணைத் துடைங்க. அஞ்சு மணிக்குள்ள ஒரே ஒரு ஆள் வந்து இந்தப் புத்தகத்தைப் பேர் சொல்லிக் கேட்டாப் போதும், கூழுக்குப் போற பட்டியல்லேருந்து எடுத்துடறேன். ஆனா, அப்படி ஒரு ஆள் வந்தா அவர்தான் நிஜமான சூப்பர் ஹீரோ.”

அக்காவின் முகம் ஏனோ மலரவில்லை.

இருவரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வந்தார், மின்விசிறிக்குக் கீழே சட்டையை உலர்த்திக்கொண்டு போய்விட்டார். இன்னொருவர் செய்தித்தாளின் குறுக்கெழுத்தை, அதுவும் பாதியை, பேனாவால் நிரப்பிவிட்டு நடையைக் கட்டினார். அறிவுத் தாகம் அத்துடன் தீர்ந்தது. லாரிக்காரர் பொறுமை இழந்து ஹாரன் அடித்தார்.

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது, பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸ் வாசற்படியில் ஒரு காலை வைத்தபடியே தலையை நீட்டினாள்.

“அக்கா, அந்த ‘யாரும் அறியாத சூப்பர் ஹீரோக்கள்’...”

“அட, வந்துட்டாங்கப்பா ஹீரோ!” அதிகாரி வாய்விட்டுச் சிரித்து, பேனாவைத் திறந்து, பட்டியலில் ஐந்து வரிகளைச் சரசரவென்று அடித்தார். அக்கா மட்டும் வெளிறிப்போய் நின்றாள்.

“மூணு வருஷமா நானும் வாராவாரம் வந்து கேட்கறேன், எங்க வார்டுல இன்னும் ஏழு பேர் காத்துக்கிட்டிருக்காங்க,” என்றாள் நர்ஸ். “எப்பக் கேட்டாலும் ‘இப்பத்தான் ஒருத்தர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனார்’னே சொல்றீங்களே, அந்த மனுஷன் இன்னிக்காவது திருப்பிக் கொடுத்தாரா?”