சிக்னல் எட்டாத கிச்சன்

ஒரே மாதத்தில் ஐந்தாவது தடவையாக வந்திருந்தான் ஸ்பீக்கர் மெக்கானிக். வீட்டுக்காரர் மாடியில் இருப்புக்கொள்ளாமல் நடந்தபடி கத்தினார்.

“என்னத்த ரிப்பேர் பண்ணினே? என் ரூம்லேர்ந்து காபி கேட்டா கிச்சன் ஸ்பீக்கர்ல கேக்கவே மாட்டேங்குது!”

கீழே, போன தடவை அவன் ஜன்னலோரம் வைத்த வைஃபை பெட்டி, இப்போது இரும்பு பீரோவுக்குப் பின்னால் கிடந்தது.

“யாரும்மா இதை இங்க தள்ளினது?”

“நான்தான் தம்பி,” என்றாள் அவர் மனைவி, குரலைத் தாழ்த்தி. “இது வேலை செஞ்சா அவர் நாள் பூரா மாடியை விட்டு இறங்கறதே இல்ல. கட் ஆனாத்தான் கீழ வந்து ரெண்டு வார்த்தை பேசறார்.”

வீட்டுக்காரர் தடதடவென்று படியிறங்கி வந்தார்.

“என்னப்பா, சரியாச்சா?”

மெக்கானிக் பையை மூடினான்.

“சுவர் ரொம்பத் தடிமன் சார். ஒண்ணும் பண்ண முடியாது.”