நெளிந்த தட்டு

அந்தச் சமையலறையில் நெளிந்த தட்டு ஒன்று இருந்தது. அது திலகவதியின் தட்டு. போன மாதம் பசி மயக்கத்தில் அவள் விழுந்தபோது, கையிலிருந்த தட்டும் விழுந்து நெளிந்தது. வேளைக்குச் சாப்பிடச் சொல்லி டாக்டர் திட்டி அனுப்பினார். அவளோ எல்லாரும் சாப்பிட்டு எழுந்து, மணி மூன்றான பிறகுதான் தட்டைத் தொடுவாள்.

தட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏய் கரண்டி! எல்லாருக்கும் காயாகப் பார்த்துப் பார்த்து அள்ளுகிறாய். எனக்கு மட்டும் ஆறிப்போன தண்ணிக் குழம்பா? வெட்கமாக இல்லையாடி?"

"என்மேல் ஏன் பாய்கிறாய்? அவள் கை போகிற இடத்துக்குத்தானே நான் போக முடியும்?"

"நன்றாகப் போ! அடுத்த தடவை விழுந்தால் எழுந்திருக்க மாட்டாள். அப்புறம் உன்னை எந்தக் கை பிடிக்கிறதென்று பார்க்கிறேன்."



மறுநாள் மதியம் ஒரு மணிக்குத் தட்டு அலமாரியிலிருந்து தடாலென்று குதித்தது.

"அங்கே என்ன சத்தம்?" என்று கூடத்திலிருந்து புருஷன் அதட்டினார்.

"ஒண்ணுமில்லீங்க, என் தட்டுதான்."

குனிந்து எடுத்தவளுக்குக் கண் இருட்டியது. மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கொஞ்சம் சோறு போட்டு, குழம்பை மேலாகத் தெளித்துக்கொள்ளக் கரண்டியைச் சட்டிக்குள் விட்டாள். அது நேராக அடிக்குப் போய் நான்கு கத்தரிக்காயோடு வந்தது. தட்டில் விழுந்தவற்றில் இரண்டைத் திருப்பிப் போடப் போனாள். கரண்டி கையிலிருந்து நழுவிக் குழம்புக்குள் முழுகிவிட்டது.

"குழம்பு எங்கே?" என்று கூடத்தில் சாப்பிட உட்கார்ந்தவர்கள் சத்தம் போட்டார்கள்.

கரண்டி அசையவில்லை. திலகவதி சோற்றைப் பிசைந்தாள்.