கடைசியாக எழுந்தவள்

"முடிஞ்சிருச்சு சார்" என்று மூன்றாவது ஆளும் எழுந்துவிட்டான். பரக்கத் நிஷாவின் கம்ப்யூட்டரோ, பட்டனை அமுக்கினால் உள்ளே விசிறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றுபோனது. திரை கறுப்பாகவே இருந்தது.

அறந்தாங்கியில் இருந்த அந்தப் பயிற்சி நிலையத்தில் அன்றைக்கு ஹார்டுவேர் செய்முறைத் தேர்வு. ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர். ஒவ்வொன்றிலும் வாத்தியார் அருள்தாஸ் வேண்டுமென்றே ஒரு கோளாறைச் செய்து வைத்திருப்பார். அதைக் கண்டுபிடித்து ஓடவைக்க வேண்டும்.

நிஷா மீமிசலில் ஏறிய பஸ், ஆவுடையார்கோவில் தாண்டிப் பஞ்சராகிவிட்டது. அவள் மூச்சிரைக்க வந்து நின்றபோது தேர்வு தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. அருள்தாஸ் பக்கத்து அறையில் வாய்மொழித் தேர்வு நடத்திக்கொண்டிருந்தார். திருச்சியிலிருந்து வந்திருந்த அதிகாரி தலையைத் தூக்காமலே, காலியாக இருப்பதில் உட்காரச் சொன்னார்.

வாசலோரம் ஒன்றும் மூலையில் ஒன்றும் காலியாக இருந்தன. மூலையில் காற்று வந்தது. அங்கே போய் உட்கார்ந்தாள்.

போன வருஷம் இதே தேர்வில் நேரம் போதாமல் தோற்றவள். முப்பத்தெட்டு வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கத் தெருவில் ஆள் நிறைய. சான்றிதழோடு வந்தால் மறுநாளே வேலை என்று மீமிசல் கம்ப்யூட்டர் கடைக்காரர் சொல்லியிருந்தார். ஷார்ஜாவிலிருந்து கணவர் அப்துல் நாசரோ, இந்த வாட்டியும் போனால் மாவு மில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்லியிருந்தார். அந்த ஆறுதல்தான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

பர்தாவின் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு, பெட்டி மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்துவிட்டுத் திறந்தாள். உள்ளே மதர்போர்டு, ராம் எல்லாம் புத்தம் புதுசு. பழைய பெட்டிக்குள் யாரோ புதிதாக மாட்டியிருந்தார்கள்.

ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினாள். விசிறி ஒரு சுற்று, பிறகு அமைதி. ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகினாள். அதே ஒரு சுற்று. அதிகாரியிடம் கேட்டு, முடித்துப் போனவனின் மெஷினிலிருந்து பவர் சப்ளையைக் கழற்றி வந்து மாட்டிப் பார்த்தாள். அதற்கும் மசியவில்லை.

மற்றவர்களுக்கு வாய்த்ததெல்லாம் லூசான ஒயரும் சரியாக உட்காராத ராமும்தான். அரை மணி நேரத்தில் எழுந்து போனார்கள். தனக்கு மட்டும் அருள்தாஸ் சார் ஏன் இப்படி ஒன்றை வைத்தார் என்று அவளுக்குப் புரியவில்லை.

ஹால் காலியாகிவிட்டது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, வரலைன்னா விட்டுருங்க" என்றார்.

"இன்னும் இருவது நிமிசம் இருக்குங்க சார்" என்றாள் நிஷா.

கடைசி முயற்சியாக மதர்போர்டையே பெயர்த்து வெளியே எடுத்தாள். மேஜையில் ஒரு அட்டையின் மேல் வைத்து ஒயர்களை மாட்டி உயிர் கொடுத்தாள். விசிறி நிற்காமல் சுற்றியது. அப்படியென்றால் போர்டில் பழுதில்லை, பெட்டியில்தான் ஏதோ இருக்கிறது.

பெட்டிக்குள் செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். பழைய போர்டைத் தாங்கிய பித்தளைக் கட்டை ஒன்று கழற்றப்படாமல் நின்றது. புதுப் போர்டின் அடியில் அது முட்டி ஷார்ட் ஆகியிருக்கிறது. குறட்டால் பிடித்துத் திருகி எடுத்தாள். எல்லாவற்றையும் திரும்ப முடுக்கினாள். பிஸ்மில்லா சொல்லிப் பட்டனை அமுக்கினாள்.

திரையில் எழுத்து ஓடியது. நிஷா நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பேப்பர் கட்டுடன் உள்ளே வந்த அருள்தாஸ், அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

"கொஞ்சம் நேரமாயிருச்சு சார்" என்று நிஷா எழுந்தாள்.

அவர், அவள் கழற்றி வைத்திருந்த பித்தளைக் கட்டையை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். அதிகாரி பக்கம் திரும்பி, "நிஷாக்காவுக்கு முழு மார்க் போடுங்க சார்" என்றார்.

"எப்பிடிப் போடுறது? எல்லாரும் அரை மணி நேரத்துல முடிச்சத இவங்க ஒண்ணேகால் மணி நேரமா நோண்டிருக்காங்க" என்றார் அதிகாரி.

அருள்தாஸ் சிரித்தார்.

"இது பரிச்சைக்கு வச்சதே இல்ல சார், மூணு மாசமா என்னால ஓட வைக்க முடியாம போட்டு வச்ச ஆபீஸ் மெஷினு."